ஒன்றரை அடி தோசையளவு பாசி: கார்ன்வால் பயணக் குறிப்புகள்

முதல் நாள், வியாழன் இரவு

“பாசியப் பாக்கவா அவ்ளோ தூரம் போற? நம்ம வூட்டு தொட்டியில இல்லாத பாசியா?”

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பெரியப்பா வாட்ஸ்அப்பில் கேட்டது. பதில் சொல்வதற்குள் ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து இணைப்பு அறுந்துவிட்டது. டாலிஷ் பக்கம் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும். சிவப்புப் பாறைக்குள் புகுந்து புகுந்து வெளியே வரும். ஒவ்வொரு முறை வெளியே வந்தபோதும் பெரியப்பாவின் ஒரு கேள்வி வந்து விழுந்திருந்தது. சாப்பிட்டியா, குளிரா, கூட யாரு, எவ்ளோ செலவு.

ரெடிங்கில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க நுண்ணோக்கியில் ரத்த அணுக்கள். நான்கு நாள் விடுப்பு கிடைத்தால் ஊரில் எல்லோரும் ஸ்பெயினுக்குப் போவார்கள். நான் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், மூடிப்போன செப்புச் சுரங்கத்தின் குப்பைமேட்டில் வளரும் ஒரு பாசியைத் தேடி வந்திருக்கிறேன். அறிவியல் பெயர் டிட்ரைக்கம் கார்னுபிகம். கார்னுபியா என்பது கார்ன்வாலின் லத்தீன் பெயர். ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘கார்ன்வால் பாதைப் பாசி’.

இது மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்று படித்தபோதுதான் போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. கார்ன்வாலில் இது பரவியிருக்கும் பரப்பையெல்லாம் ஒட்டவைத்தால் சுமார் 0.16 சதுர மீட்டர்தான் தேறும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரயிலில் பொழுது போகாமல் அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை அடி அகலத்தில் ஒரு தோசை வார்த்தால் கிட்டத்தட்ட அதே பரப்பு வருகிறது.

தமிழில் ஒரு சங்கடம். குளத்தில் மிதப்பதும் பாசி, கிணற்றுச் சுவரில் வழுக்குவதும் பாசி, கழுத்தில் கோத்துப் போடுவதும் பாசி. நான் சொல்வது பள்ளிப் பாடத்தில் பிரையோஃபைட்டா என்று வந்ததே, அந்தக் கூட்டம். உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது, விதை கிடையாது. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன். தண்ணீரை உடம்பு முழுக்கக் குடிக்கும். இனி பாசி என்று எழுதினால் இதுதான்.

பிளிமத் தாண்டியதும் டேமர் ஆற்றின் மேல் பொறியாளர் பிரூனல் கட்டிய பெரிய இரும்புப் பாலம். முகப்பிலேயே அவர் பெயரும் 1859 என்ற ஆண்டும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. அதைக் கடந்தால் கார்ன்வால். லிஸ்கர்டில் இறங்கி டாக்சி பிடித்து மேட்டு நிலத்துக்கு ஏறும்போது இருட்டிக்கொண்டு வந்தது. கூரை போன கருங்கல் கட்டடங்களும் அவற்றை ஒட்டி உயரமான புகைபோக்கிகளும் ஒவ்வொன்றாக வானத்தில் தெரிய ஆரம்பித்தன. சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைத்த நீராவி எந்திரங்களின் வீடுகள்.

எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. நான் பிறந்தது கோலார் தங்கவயல்.

அதையும் இன்றே சொல்லிவிடுகிறேன். 1880-இல் தொடங்கி தங்கவயல் சுரங்கங்களை நடத்தியது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம். அவர்கள் கூட்டி வந்த வெள்ளைக்காரச் சுரங்கக்காரர்களில் பலர் இந்தக் கார்ன்வால்காரர்கள். கீழே இறங்கிப் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் ஆட்கள். என் தாத்தா அதில் ஒருவர். சுரங்க மேலாளரை ‘கேப்டன்’ என்றுதான் தாத்தா சொல்வார். சின்ன வயதில் தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கார்ன்வாலில் சுரங்க மேற்பார்வையாளருக்குப் பெயரே கேப்டன்தான் என்பது தெரிய எனக்கு முப்பது வயது ஆகவேண்டியிருந்தது. தாத்தாவின் வாயில் இருந்த சொல் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இந்தப் பாசியில் வந்து முட்டினேன்.

நாளை காலை ஒன்பது மணிக்கு, இந்தப் பகுதிப் பாசிகளைப் பல வருடமாகக் கவனித்துவரும் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை வருகிறார். கண்ணில் படுமா என்று கேட்டு எழுதியதற்கு, “மழை பெய்தால் வாய்ப்பு அதிகம்” என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தார். இப்போது ஜன்னலில் மழை அடிக்கிறது.

இரண்டாம் நாள், வெள்ளி

கால் முட்டி இரண்டும் நனைந்து, பேன்ட்டில் செம்மண் மாதிரி ஒரு கறை. துவைத்தும் போகவில்லை. இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆசிரியையை இங்கே டீச்சர் என்றே எழுதுகிறேன். எழுபது தாண்டிய வயது. கழுத்தில் ஒரு கயிறு, அதில் பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. கையில் தோட்ட வேலைக்கு முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்ளும் மெத்தை இரண்டு. ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு, “இன்றைக்கு நடப்பதைவிட மண்டியிடுவதுதான் அதிகம்” என்றார்.

மினியன்ஸ் என்ற ஊரில் கிளம்பினோம். கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் உயரம், கார்ன்வாலிலேயே உயரத்தில் இருக்கும் கிராமம். எதிரே கேரடான் குன்று, உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரம். குன்றின் தெற்குச் சரிவு முழுக்க சவுத் கேரடான் சுரங்கம். 1830-களின் நடுவில் உள்ளூர்ச் சுரங்கக்காரர்கள் சிலர் இங்கே செம்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பணம் போட ஆள் கிடைக்காமல் அலைந்தார்களாம். அப்புறம் கிடைத்த செம்பில் அவர்களே பணக்காரர்கள் ஆனார்கள். அடுத்த அரை நூற்றாண்டு இந்தச் சரிவு ஒரு தொழில் நகரம். 1844-இல் ரயில் பாதை வந்தது. சிலி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று வெளியே மலிவான செம்பு கிடைக்க ஆரம்பித்ததும் விலை விழுந்தது. 1880-களின் நடுவில் சுரங்கம் மூடியது. ஆட்கள் செம்பின் பின்னாலேயே கப்பல் ஏறினார்கள். சிலர் தங்கத்தின் பின்னால் எங்கள் ஊருக்கு.

சரிவில் ஓரிடத்தில் புல்லுக்கு நடுவே கல் பாவிய தளம் ஒன்று அப்படியே இருக்கிறது. தாதுவை உடைத்துப் பிரித்த இடம். உடைத்தவர்கள் பெண்கள், சிறுமிகள். ‘பால் மெய்டன்’ என்பது அவர்களுக்குப் பெயர். கார்ன்வால் மொழியில் பால் என்றால் சுரங்கம். கையில் சுத்தியல், தலையில் வெயிலுக்கு வெள்ளைத் துணி. அந்தக் கற்களின் மேல் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

தளத்துக்குக் கீழே குப்பைமேடுகள். நூற்று நாற்பது வருடமாகியும் பல இடங்களில் ஒரு புல்கூட முளைக்கவில்லை. மண்ணின் நிறமே வேறு. கடுகு மஞ்சள், செங்கல் பொடி, சில கற்களில் துரிசு பூத்த பச்சை. நம் ஊரில் தொட்டியில் பாசி பிடித்தால் என்ன போடுவோம்? மயில்துத்தம். அது செப்பு உப்புதான். திராட்சைத் தோட்டத்தில் தெளிக்கும் போர்டோ கலவையிலும் அதுதான். பாசியைக் கொல்வதற்கு நாம் போடும் சரக்கிலேயே ஒரு பாசி உட்கார்ந்து குடித்தனம் நடத்துகிறது என்றால்!

நடந்துகொண்டே டீச்சர் கதை சொன்னார். 1963-இல் ஜீன் பேட்டன் என்ற தாவரவியலாளர், இங்கிருந்து மேற்கே லானர் என்ற ஊரின் சாலையோரத்தில் இதைப் பார்த்தார். பார்த்தவுடன் புதிது என்று அறிவிக்கவில்லை. இந்தக் குடும்பத்துப் பாசிகள் ஒன்றையொன்று உரித்து வைத்தாற்போல் இருக்கும். இது ஒரு தனி இனம் என்று அவர் முறைப்படி விவரித்து எழுதியது 1976-இல். பதின்மூன்று வருடம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு முடிவு பதின்மூன்று நிமிடம் தாமதமானால் தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிடும்.

கார்ன்வாலில் மினியன்ஸ் பக்கத்துச் சுரங்க நிலத்தில் சில சிறு திட்டுகளாகவே இன்று இது பிழைத்திருக்கிறது. பீனிக்ஸ் யுனைடெட் சுரங்கமும் குரோஸ் நெஸ்ட் பகுதியும் சேர்ந்த நிலத்தைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கைத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் இதன் பெயர் இருக்கிறது. வேண்டுமென்றே பறித்தாலோ அழித்தாலோ குற்றம். திட்டுகள் சரியாக எந்த இடம் என்று நான் எழுதப்போவதில்லை. டீச்சர் கேட்டுக்கொண்டது ஒரு காரணம். கேட்டிருக்காவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன்.

பதினொன்றரை மணிக்கு டீச்சர் ஒரு ஒற்றையடிப் பாதையில் நின்று, கைபேசியைப் பார்த்து, நான்கு எட்டு பின்னால் வந்து, “மெத்தையைப் போடுங்கள்” என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதையோரம் கைப்பிடி அகலத்துக்கு வெற்று மண், சிமெண்ட் மாதிரி இறுகிப்போனது. அதன் மேல் மங்கலாக ஒரு பச்சை. வெல்வெட் துணியை யாரோ மண்ணில் தேய்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போன மாதிரி, அதன் சாயம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இதுவா என்று நினைத்ததை முகத்தில் காட்டாமல் இருக்கப் பார்த்தேன். டீச்சர் சிரித்துவிட்டார்.

கண்ணாடியைக் கண்ணுக்கு ஒட்டி வைத்து, மூக்கு மண்ணில் படுமளவு குனியவேண்டும். முதல் இரண்டு தடவை என் மூச்சே பட்டு கண்ணாடி மங்கிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவை குனிந்தேன்.

ஒரு காடு. ஒவ்வொரு தண்டும் ஓர் அரிசி நீளம்கூட இல்லை. தண்டைச் சுற்றிலும் குண்டூசி முனைபோல் கூம்பிய இலைகள், அடியில் கொஞ்சம் அகன்று மேலே மயிராக இளைத்து. சிலது ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. நடுநடுவே மழைத்துளிகள், ஒவ்வொரு துளிக்குள்ளும் தலைகீழாக ஒரு வானம். ஒரு துளி இரண்டு தண்டுகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டே இருந்தது, விழவே இல்லை. அதற்குக் கீழே மண்ணில் பச்சை மினுக்கும் ஒரு கல் துணுக்கு. அந்தச் செம்புதான் இங்கே மற்றச் செடிகளை வரவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியவில்லை. முதுகில் மழை பட்டுத்தான் எழுந்தேன்.

“இதுதான் அது என்று உறுதியாகத் தெரியுமா?” என்று கேட்டேன். தொழில் புத்தி. டீச்சர் முகம் கொஞ்சமும் மாறாமல், இந்தத் திட்டை முன்னமே உரிமம் வாங்கியவர்கள் நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்திருக்கிறார்கள், பக்கத்தில் இருக்கும் அந்தப் பச்சை வேறு இனம், அதற்கும் பக்கத்தில் இருப்பது அவருக்கே சந்தேகம் என்றார். கிள்ளி எடுத்துப் பார்க்கச் சட்டம் விடாது. ஒரு கண்ணாடி வில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர், ஐந்து நிமிடம் போதும் எனக்கு. கை பரபரத்தது. கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்து நடந்ததுதான் இன்றைய நாள். நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு மனிதர் அந்தப் பாதையில் வந்தார். நாய் முன்னால் ஓடிவந்து நேராக அந்தப் பச்சையின் மேல் கால் வைத்தது. நான் “ஐயோ!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். மனிதர் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. அவர் போனபின் டீச்சர், “மிதிக்கட்டும், மிதிக்கட்டும். மூத்திரம்தான் போகக்கூடாது” என்றார்.

பெயரிலேயே பாதை இருப்பதை நான் யோசிக்கவில்லை. இந்தப் பாசிக்குப் போட்டி போடத் தெரியாது. பக்கத்தில் புல்லோ புதரோ எழும்பினால் நிழலில் செத்துப்போகும். மண் வெறுமையாக இருக்கவேண்டும், அதில் செம்பு இருக்கவேண்டும். ஆடும் குதிரையும் ஆளும் நடந்து மண்ணை இறுக்கிக்கொண்டே இருந்தால் அதற்கு நல்லது. மோட்டார் பைக் ஏறி உழுதுவிட்டால் அதுவும் போச்சு. நாய் மூத்திரத்தில் இருக்கும் நைட்ரஜன் புல்லுக்குத்தான் உரம்.

இன்னொன்று. இங்கே கண்டவை எல்லாமே ஆண் செடிகள். பெண்ணே கிடையாது. அதனால் வித்துகளும் கிடையாது. மண்ணுக்கடியில் நூல் போன்ற வேரிழைகளில் கண்ணுக்குத் தெரியாத கிழங்குகள் வைக்கும், அல்லது ஒரு துண்டு உடைந்து வேறிடத்தில் ஒட்டிக்கொண்டால் அது வளரும். காற்றில் பறந்து ஊர் ஊராகப் போகிற வழி இல்லை. ஒருவேளை செருப்புச் சேற்றில் போகலாம். இறங்கி வரும்போது என் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். டீச்சரும் பார்த்தார், தன்னுடையதையும்.

மூன்றாம் நாள், சனி

நாள் முழுக்க மழை, மூடுபனி. டீச்சருக்கு வேறு வேலை. நான் தனியாகப் போய் ஹர்லர்ஸ் என்ற பழங்காலக் கல் வட்டங்களைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது அதிகம். பத்தடிக்கு ஒரு கல் பனிக்குள்ளிருந்து வந்து மறைந்தது. ஒரு வட்டத்தை முடித்து அடுத்ததற்குப் போகிறேன் என்று நினைத்து அதே வட்டத்தையே இரண்டாம் முறை சுற்றியிருக்கிறேன். திரும்பும்போது பேருந்தைத் தவறவிட்டேன். அடுத்தது எப்போது என்று நிறுத்தத்தில் இருந்த ஒரு ஆட்டைத்தான் கேட்கவேண்டியிருந்தது.

சாலையோரம் முழுக்க மஞ்சள் பூத்த கோர்ஸ் முட்புதர். பூவை முகர்ந்தால் தேங்காய் வாசனை, நிஜமாகவே தேங்காய் பர்பி. இதே புதரை வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுபோனார்கள். ஊட்டிப் பக்கம் புல்வெளிகளை விழுங்கும் களையாக அது இன்னும் நிற்கிறது. சொந்த ஊரிலும் அதற்கு நல்ல பெயர் இல்லை, நம் பாசியைப் பொறுத்தவரையாவது. குப்பைமேடுகளின் ஓரத்தில் மெல்ல ஏறி நிழல் போடுவது இதுதான். ஆகவே பாதுகாப்பு வேலை என்றால் பெரும்பாலும் அரிவாளும் மண்வெட்டியும். புதரை வெட்டுவது, தேவைப்பட்டால் மேல்மண்ணைச் சுரண்டி மறுபடி வெறும் கழிவை வெளியே கொண்டுவருவது.

அறையில் உட்கார்ந்து நேற்று டீச்சர் கொடுத்த காகிதங்களைப் படித்தேன். செம்பு தின்னும் பாசி இது ஒன்றுதான் என்றில்லை. ஸ்கோப்பிலோஃபிலா கேட்டராக்டே என்று ஒன்று, கார்ன்வால் சுரங்கங்களிலும் உண்டு, ஜப்பானிலும் உண்டு. டோக்கியோவில் ஹொன்மொன்ஜி என்ற புத்த கோயிலின் செப்புக் கூரையிலிருந்து மழைநீர் சொட்டும் இடத்தில் பிடித்து வளர்ந்ததால் ஜப்பானியர்கள் அதற்குக் கோயில் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் ஊர்க் கோபுரக் கலசங்களுக்குக் கீழே யாராவது குனிந்து பார்த்திருக்கிறார்களா?

அப்புறம் ஈயச் சுரங்கக் கழிவில் வளரும் ஒரு பங்காளி, டிட்ரைக்கம் பிளம்பிகோலா. கியூ தாவரவியல் பூங்காவில் 2000-க்குப் பிறகு பிரிட்டனின் அருகிவரும் பாசிகளை ஆய்வகத்தில் வளர்த்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்துச் சேமிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். இந்த ஈயப் பாசியை மெல்ல மெல்லக் காயவைத்துத் தயார்படுத்தியபோது, அது தடித்த சுவருள்ள தனி வகைச் செல்களை உண்டாக்கிக்கொண்டு, மைனஸ் 196 டிகிரியிலிருந்து மீண்டு வந்தது. 2007-இல் வெளியான கட்டுரை. படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் உறைகலனில் இருப்பது பாசியின் உயிர் மட்டும்தானே. நேற்று பார்த்த அந்த மிதிபட்ட பாதையை எந்தக் குடுவையில் ஊற்றி உறையவைப்பது?

ஐரோப்பாவின் பாசி இனங்களுக்கெல்லாம் சேர்த்து 2019-இல் ஒரு சிவப்புப் பட்டியல் வந்தது. 1,817 இனங்களைப் பரிசீலித்ததில் 22.5 சதவீதத்துக்கு ஆபத்து. ஐந்தில் ஒன்றுக்கு மேல். புலிக்கு உண்டியல் குலுக்கலாம், பாசிக்கு என்ன சொல்லிக் குலுக்குவது என்று டீச்சர் நேற்று கேட்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

சாயங்காலம் பெரியப்பா அழைத்தார். 2001 பிப்ரவரி 28-இல் தங்கவயல் சுரங்கம் மூடும்வரை அவரும் கீழே இறங்கியவர்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். படங்களைப் பார்த்துவிட்டு, “இன்னாமா இது, நம்ம மேடு மாதிரியே கீது” என்றார். எங்கள் ஊரில் சயனைடு மேடு என்போம். பாறையை அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தை எடுத்தபின் கொட்டிய மணல். குன்று குன்றாக ஊரைச் சுற்றி நிற்கும்.

“அத்த சுத்தம் பண்ணாம வுட்டாத்தான் பாசிக்கு நல்லதுன்னா, அவங்க வுட்டுட்டாங்களா?”

“ஆமா பெரியப்பா. சட்டமே போட்டிருக்காங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “காத்தடிக்கிற மாசத்துல இங்க வந்து பாக்கச் சொல்லு” என்றார்.

அவர் சொன்னதில் கோபம் இல்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மணல் எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில், பாயில், மூடாத சோற்றில் படியும். அம்மா ஈரத்துணியும் கையுமாக இருப்பார். இங்கே குப்பைமேடு உலகப் பாரம்பரியச் சின்னம். கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ 2006-இல் சேர்த்தது. நான் பார்த்த மேடுகளைச் சுற்றிக் குடியிருப்பு குறைவு, எப்போதும் மழை, மண் பறப்பதில்லை. இங்கே அதை விட்டுவைப்பது சரிதான் என்று நேற்று மண்டியிட்டுக் கிடந்தபோது நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். இதே நியாயத்தை எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஊரில் பேச எனக்கு வாய் வராது. அங்கே 13 மேடுகளைத் திரும்ப அரைத்து மிச்சத் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அரசு 2024-இல் ஒப்புதல் கொடுத்தது. தோண்டட்டும், ஆனால் தூசி பறக்காமல் தோண்டட்டும் என்பதுதான் பெரியப்பாவின் கட்சி. என் கட்சியும்.

நான்காம் நாள், ஞாயிறு, திரும்பும் ரயிலில்

காலையில் ரெட்ருத் போய், அங்கிருந்து லானருக்கு நடந்தேன். 1963-இல் பாசியை முதன்முதலில் கண்ட ஊர். அங்கே இப்போது இல்லை, போய் ஏமாறாதீர்கள் என்று டீச்சர் முன்னமே சொல்லியிருந்தார். ஏமாறத்தான் போனேன். சாலையோரம் நன்றாக இருந்தது, புல் வெட்டி, விளிம்பு கட்டி, குப்பைத்தொட்டிகள் வரிசையாக. யாரையும் குறை சொல்ல முடியாத சுத்தம். ஒரு வேலியோரம் பச்சையாக ஏதோ தெரிந்தது, மண்டியிட்டேன். பின்னால் கார் நிறுத்தி ஒருவர் உதவி வேண்டுமா என்று கேட்டார். ஏதோ தொலைத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அது எங்கும் காணும் சாதாரணப் பாசி, அந்த அளவுக்கு எனக்கே இப்போது தெரிகிறது.

லானரைச் சுற்றி வளைந்து போகும் பழைய ரயில் பாதை ஒன்று இப்போது நடைபாதை. செப்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1820-களில் போட்டது. அதைப் போடவைத்தவர், பக்கத்திலுள்ள குவென்னப்பில் கன்சாலிடேட்டட் சுரங்கத்தை 1819-இல் மீண்டும் திறந்து நடத்தியவர், ஜான் டெய்லர். பலகையில் பெயரைப் படித்ததும் ஒரு நிமிடம் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே குழம்பிவிட்டது. அதே டெய்லர். அவர் இறந்தபின் அவர் குடும்ப நிறுவனம்தான் தங்கவயலுக்கு வந்தது. இந்தப் பாசியை முதலில் கண்ட சாலையும் என் தாத்தா இறங்கிய குழியும் ஒரே வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் முன்னும் பின்னுமாக இருந்திருக்கும்.

ரெட்ருத் நிலையத்தில் ஒரு பாஸ்டி வாங்கினேன். மாட்டிறைச்சி, உருளை, வெங்காயம், டர்னிப் வைத்து மடித்து, ஓரத்தைக் கயிறுபோல் முறுக்கிச் சுட்டது. அந்த முறுக்கைப் பிடித்துத் தின்றுவிட்டு, விஷம் பட்ட கை என்று அதைச் சுரங்கத்திலேயே எறிந்துவிடுவார்கள் என்று எல்லாக் கடையிலும் ஒரு கதை சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. பசித்தவன் எதற்கு எறிகிறான்? நான் முறுக்கையும் தின்றேன். கொஞ்சம் மிளகாய் இருந்திருக்கலாம்.

ரயில் டேமர் பாலத்தின் மேல் ஏறியபோது பெரியப்பாவிடமிருந்து படம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய கருங்கல் சுவர், கல் சந்தில் ஒரு பச்சைத் திட்டு. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்திருக்கிறார். நான் சொல்லித்தரவில்லை, தானாகவே வைத்திருக்கிறார்.

“இது இன்னா பாசி?”

படத்தை விரல்களால் விரித்துப் பார்த்தேன். இலை தெரியவில்லை, வெறும் பச்சைப் புள்ளிகள்தான்.

“தெரியல பெரியப்பா. டிசம்பர்ல வர்றப்ப லென்ஸ் எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் அங்க சுண்ணாம்பு அடிச்சிடாதீங்க.”

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வருவதற்குள் ரயில் டாலிஷ் சுரங்கப்பாதைக்குள் போய்விட்டது.